ஏழாம் வகுப்புக்கு 'தி ஹாபிட்' வைக்கலாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு போன் வந்தது. 1994இல் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் ஆங்கிலம் படித்த பெண். இப்போது ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியை. பெயரைப் போடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் போடவில்லை. அவளுடைய பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறாராம். 'தி ஹாபிட்' என்ற ஆங்கில நாவலை 40 பிரதிகள் வாங்கித் தருகிறேன், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒரு பீரியடு அதை வாசிக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்.

பள்ளியில் உடனே இரண்டு கட்சி. "அந்தக் காசுக்கு கிராமர் புத்தகம் வாங்கினா மார்க்காவது வரும்" என்று ஒரு கட்சி. "கொடுக்கிற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கணுமா" என்று இன்னொரு கட்சி. நடுவில் இரண்டு பெற்றோர் வந்து, மந்திரம் மாயம் பேய் பிசாசு எல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

"டீச்சர், நீங்க ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு, வைக்கலாமா வேண்டாமான்னு ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. ஜூன்ல ஆரம்பிக்கணும்" என்றாள்.

34 வருஷம் பாடம் நடத்தியவளிடம் ஒரே வார்த்தையில் பதில் கேட்டால் வருமா? அதனால்தான் இந்தப் பதிவு. உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், இன்னும் பலர் அப்பா அம்மாக்கள். உங்களுக்கும் பயன்படும் என்று பொதுவில் எழுதுகிறேன். கதைப்புத்தக விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று ஒரு உறுத்தலும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் நடத்திய பேராசிரியர். குடும்பச் செலவுக்காகக் கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வு விடைத்தாள் திருத்துவார். ஒரு நாள் திருத்திக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் ஒரு பக்கத்தை வெறுமனே விட்டிருந்தானாம். அந்த வெற்றுப் பக்கத்தில், தரைக்குள் பொந்தில் வாழும் ஹாபிட் என்ற ஒரு பிராணியைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தார். நாவல் பிறந்தது அந்த வரியிலிருந்துதான். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்திய நமக்கெல்லாம் அந்த வெற்றுப் பக்கத்தின் அருமை தெரியும். நான் அதில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

புத்தகம் 1937 செப்டம்பரில் வந்தது. வெளியிடலாமா என்று பதிப்பாளர் யாரிடம் கேட்டார் தெரியுமா? தன்னுடைய 10 வயது மகனிடம். பையன் படித்துவிட்டு, வரைபடங்கள் இருப்பதால் வேறு படம் தேவையில்லை, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். கூலி ஒரு ஷில்லிங். ஆக இந்தப் புத்தகத்தை முதன்முதலில் மதிப்பிட்டவன் ஒரு சிறுவன். அதை நினைத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டினால் என்ன?

மே மாதம் பேரன் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்தான். வயது 12. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 13, தம்பிக்கு 11. எதிர்வீட்டுப் பையனுக்கு 12. நாலு பேர். சாயங்காலம் ஆறரைக்குத் திண்ணையில் உட்கார்ந்தால் எட்டு மணி வரை. ஆங்கிலத்தில் கொஞ்சம் படிப்பேன், தமிழில் கொஞ்சம் சொல்வேன். புத்தகத்தில் மொத்தம் 19 அத்தியாயம். எங்களுக்கு 24 சாயங்காலம் பிடித்தது.

கதை இதுதான். பில்போ என்ற ஹாபிட்டுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆள் அரையாள் உயரம். காலையில் ஒரு பலகாரம், கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பலகாரம் என்று வீட்டோடு சுகமாக இருப்பவன். ஒரு நாள் கேன்டால்ஃப் என்ற மந்திரவாதிக் கிழவர் வருகிறார். மறுநாள் பதிமூன்று சித்திரக்குள்ளர்கள் வருகிறார்கள். அவர்களுடைய மூதாதையரின் மலையையும் பொன்னையும் ஸ்மாக் என்ற டிராகன் பிடித்து வைத்திருக்கிறது. அதை மீட்கப் போகிறார்கள், அதற்கு ஒரு திருடன் வேண்டும், அந்த வேலைக்கு பில்போ. கிடைக்கும் லாபத்தில் 14இல் ஒரு பங்கு என்று ஒப்பந்தக் கடிதம்கூட உண்டு.

இனி திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் அத்தியாயத்தில் குள்ளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்து, ஒருவர் கேக் வேண்டும் என்கிறார், ஒருவர் காபி வேண்டும் என்கிறார். பில்போவின் உக்கிராண அறையே காலியாகிறது. அவனுக்கோ போ என்று சொல்லவும் முடியவில்லை, வா என்று சொல்லவும் முடியவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாட்டி, நம்ம வீட்டுத் திருவிழா மாதிரியே இருக்கு" என்றான் பேரன். (உறவினர்கள் யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.)

பதிமூன்று குள்ளர் பெயர்களும் பிள்ளைகளுக்கு இடறும் என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. ஃபீலி, கீலி, ஓயின், க்ளோயின், டோரி, நோரி, ஓரி என்று இரண்டு இரண்டாகச் சேரும் அந்தப் பெயர்களை மூன்றாம் நாளே பாட்டாக்கிவிட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாட ஆள் பிரிக்கும்போது அதைச் சொல்லித்தான் எண்ணினார்கள். நான் தடை என்று நினைத்தது அவர்களுக்கு விளையாட்டு.

எனக்கு அழகாகப் பட்ட சில இடங்களில் அவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூன்றாம் அத்தியாயம், பியோர்ன் என்ற கரடி மனிதன் வரும் ஏழாம் அத்தியாயத்தின் நீண்ட பேச்சு, மலையடிவாரத்தில் கதவு திறக்கக் காத்திருக்கும் பகுதி. நடுவில் அடிக்கடி பாட்டு வேறு வருகிறது. தம்பி இரண்டு நாள் தூங்கியே போனான். 1937 ஆங்கிலம், வாக்கியம் நீளம். தின்பண்டப் பெயர்கள் பாதி எனக்கே விளக்கத் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டுப் புத்தகத்தைப் புகழ்வது நியாயமில்லை. ஆங்கிலத்தை வீட்டில் பேசாத ஒரு பிள்ளை கையில் இதைக் கொடுத்து "நீயே படி" என்றால், நாலாவது பக்கத்தில் மூடி வைத்துவிடும். அதோடு, எனக்கு இங்கிலீஷ் வராது என்று இன்னும் ஒரு தடவை மனதில் எழுதிக்கொள்ளும். இதுதான் என் முதல் பயம்.

ஐந்தாம் அத்தியாயம் வந்ததும் தூக்கம் பறந்தது. மலைக்கு அடியில் இருட்டுக் குகையில் பில்போ வழி தப்பிவிடுகிறான். அங்கே கொல்லம் என்ற ஒரு வழுக்கலான ஜீவன். இருவருக்கும் விடுகதைப் போட்டி. பில்போ ஜெயித்தால் வெளியே போக வழி, தோற்றால் அவன் கொல்லத்துக்கு இரை. காற்று, பல், முட்டை, மீன், காலம் என்று விடைகள். ஒவ்வொன்றுக்கும் நான் படிப்பதை நிறுத்தினேன். நாலு பேரும் யோசித்தார்கள். முட்டையைத் தம்பி கண்டுபிடித்தான், இரண்டு நாள் தூங்கியவனேதான். கடைசியில் பில்போ தன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஜெயிக்கிறான். "அது விடுகதையே இல்ல, போங்காட்டம்" என்று ஒரே சண்டை. ஒரு கேள்வி எப்போது விடுகதை ஆகிறது என்று அரைமணி நேரம் வாதம். இதை நான் வகுப்பில் திட்டம் போட்டு நடத்தியிருந்தால்கூட இப்படி வந்திருக்காது.

மறுநாள் நம் ஊர் விடுகதைகளைக் கொண்டுவரச் சொன்னேன். எதிர்வீட்டுப் பையனின் அப்பத்தா, யாரோடும் அதிகம் பேசாதவர், தானே வந்து உட்கார்ந்து பத்து விடுகதை போட்டார். ஒன்றுக்குக்கூட எனக்கு விடை தெரியவில்லை. இங்கிலீஷ் டீச்சர் தோற்றதில் அப்பத்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த அத்தியாயத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. போட்டியில் தோற்ற கொல்லம் ஏமாற்றப் பார்க்கிறது. பில்போவுக்கு மோதிரம் கிடைத்துவிட்டது, போட்டுக்கொண்டால் உருவம் மறையும். கையில் கத்தி. வழியை மறித்து கொல்லம் உட்கார்ந்திருக்கிறது. கொன்றுவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஜீவன் எத்தனை காலம் இந்த இருட்டில் தனியாகக் கிடந்திருக்கும் என்று பில்போவுக்கு ஒரு நொடி தோன்றுகிறது. கொல்லாமல் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறான். நாலு பேரும் கப்சிப்.

இந்த இடம் 1937 புத்தகத்தில் கிடையாது. முதல் பதிப்பில் கொல்லம் பேச்சுத் தவறாமல் வழிகாட்டிவிட்டுப் போய்விடும். பிறகு எழுதிய பெரிய கதைக்குப் பொருந்துவதற்காக டோல்கீன் இந்த அத்தியாயத்தைத் திருத்தினார். 1951 பதிப்பில்தான் அந்த இரக்கம் வந்தது. "திருத்தி எழுது" என்று நான் சொல்லும்போதெல்லாம் முகம் சுளித்த என் பிள்ளைகளே, புத்தகத்தின் மிக உயர்ந்த இடம் திருத்தி எழுதியபோது வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, பிள்ளைகள் கேட்ட கேள்விகள். ஒரு புத்தகம் வகுப்புக்கு ஏற்றதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "டீச்சர் பாட்டி, இதுல பொண்ணே கிடையாதா?" கிடையாது. பில்போவின் அம்மா பெயர் வருகிறது, அவ்வளவுதான். பயணம் போகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். 2012 முதல் 2014 வரை மூன்று பாகமாக எடுத்த சினிமாவில் இதற்காகவே ஒரு பெண் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். நான் அவளுக்குச் சமாதானம் சொல்லவில்லை. "ஆமா, இல்லை. குறைதான். நீ இருந்தா எங்க இருந்திருப்பே, சொல்லு" என்றேன். சிலந்திக் காட்டில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தமிழில்தான். நன்றாக இருந்தது.

இரண்டாவது கேள்வி என் பேரனுடையது. "காப்ளின்ல ஒண்ணுகூட நல்லது கிடையாதா பாட்டி?" கதையில் காப்ளின் என்று ஒரு கூட்டம், பிறவியிலேயே கெட்டவர்கள். அவர்களில் நல்லவன் ஒருவனும் இல்லை. இதைக் கதைதானே என்று தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பிறப்பைப் பார்த்து ஒருவன் எப்படிப்பட்டவன் என்று முடிவு கட்டும் பழக்கம் நம் ஊரில் எத்தனை பேர் வாழ்க்கையைச் சிதைத்தது என்று உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நம் வகுப்பில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யார் தனியாக உட்கார்ந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நடத்துகிற ஆசிரியர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேச வேண்டும். பேச மனமில்லாத ஆசிரியர் இந்தப் புத்தகத்தை நடத்த வேண்டாம்.

மூன்றாவது, திருட்டு. "திருடப் போறவன் எப்படி நல்லவன்?" என்று தம்பி முதல் வாரமே கேட்டான். அதற்குப் பதில் பதினாறாம் அத்தியாயத்தில் கிடைத்தது. டிராகன் செத்த பிறகு குள்ளர் தலைவன் தோரினுக்குப் பொன்னாசை பிடிக்கிறது. டிராகனால் ஊர் எரிந்துபோன ஏரி நகரத்து மக்கள் நியாயமான பங்கு கேட்டு வந்து நிற்கிறார்கள். ஒரு காசு தர மாட்டேன் என்கிறான். போர் மூளப் போகிறது. தோரின் உயிராக மதிக்கும் ஆர்கன்ஸ்டோன் என்ற ரத்தினம் பில்போவிடம் இருக்கிறது. அவன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய், அதை எதிர்ப்பக்கத்தில் கொடுத்துவிட்டு, இதை வைத்துப் பேரம் பேசிச் சமாதானமாகுங்கள் என்கிறான். தப்பித்து ஓடாமல் மறுபடி நண்பர்களிடமே திரும்பியும் வருகிறான், திட்டு வாங்குவதற்கு.

"துரோகி" என்றார்கள் இரண்டு பேர். "இல்ல, அவன்தான் சரி" என்றார்கள் இரண்டு பேர். வாக்கெடுப்பு சமம், முடிவு என் கையில். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பில்போவைப் புத்தகம் தூக்கி வைத்தும் கொண்டாடவில்லை. டிராகனிடம் பேசும்போது பெருமையில் தன்னைப் பற்றிப் புதிர் போட்டுப் பேசுகிறான். அதில் நழுவிய ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஸ்மாக் ஏரி நகரத்தின் மேல் சந்தேகப்பட்டு அதைக் கொளுத்துகிறது. அவன் பேசியதற்கு எங்கேயோ யாரோ வீடு இழந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் கைக்கு வந்ததையெல்லாம் அனுப்புகிற காலத்தில் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சிரமமே இல்லை. (அனுப்புகிற பெரியவர்களுக்கும்தான்.)

குடி, புகை பற்றிய பெற்றோர் கவலையும் நியாயம்தான். புத்தகம் முழுக்க சுங்கான் புகைக்கிறார்கள், வளையம் வளையமாகப் புகை விடுகிறார்கள். சிறையிலிருந்து தப்பிப்பதே காவல்காரன் குடித்துவிட்டுத் தூங்குவதால்தான். இதை அந்தக் கால வழக்கம் என்று ஒரு வரியில் சொல்லலாம். என் திண்ணையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மந்திரம் மாயத்துக்கும் பயப்பட வேண்டாம். வேதாளத்தை முதுகில் சுமந்த விக்கிரமாதித்தனைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. போருக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: டோல்கீன் 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். அதனால்தானோ என்னவோ, கடைசிப் பெரும் போரில் பில்போ வாளைச் சுழற்றுவதில்லை. ஒரு கல் தலையில் பட்டு மயங்கி விழுந்துவிடுகிறான். கண் திறக்கும்போது போர் முடிந்திருக்கிறது. தோரின் சாகக் கிடந்து மன்னிப்புக் கேட்கிறான். ஃபீலியும் கீலியும் செத்துவிட்டார்கள். அவர்கள் பெயரைப் பாட்டாகப் பாடிய பிள்ளைகள் அன்று விளையாடப் போகவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பையனைப் பற்றி. அவன் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவன் ஆரம்பத்திலிருந்து அதிகம் பேசவில்லை. டிராகன் வந்த நாளில்தான் வாய் திறந்தான். மலையளவு பொன்மேல் படுத்திருக்கும் ஸ்மாக், ஒரே ஒரு கிண்ணம் காணாமல் போனதற்கு வெறிபிடித்துக் கிளம்புகிறது. "அதால போட்டுக்கவும் முடியாது, விக்கவும் முடியாது. அப்புறம் எதுக்கு டீச்சர் பாட்டி அதுக்கு?" என்றான். நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

கடைசி அத்தியாயத்தில் பில்போ வீடு திரும்புகிறான். அவன் செத்துவிட்டதாக நினைத்து, வாசலில் அவன் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் சாமான்களில் பலவற்றைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். எழுதியவரும் சிரிக்கத்தான் எழுதினார். இவன் சிரிக்கவில்லை.

"எங்க அம்மா வளையலையும் இப்படித்தான் ஏலம் விட்டுட்டாங்க" என்றான்.

அடகு வைத்த நகை. தவணை தப்பிவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றி அவனிடம் பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை. 24 நாள் கழித்து, இங்கிலாந்தில் யாரோ ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையின் கடைசிப் பக்கத்தில் அது வெளியே வந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "எங்க வீட்லயும் வெச்சிருக்காங்க" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் எழுந்து போகவில்லை. நான் உள்ளே போய் முறுக்கு எடுத்துவந்து வைத்தேன். வேறென்ன செய்ய?

பாடப்புத்தகத்தில் "கடன்" என்று ஒரு பாடம் வைத்திருந்தால் அந்தப் பையன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். தூரத்துக் கதை என்பதால்தான் சொல்ல முடிந்தது. மாயக்கதை எதற்கு என்று கேட்ட அந்த இரண்டு பெற்றோருக்கும் என் பதில் இதுதான்.

இனி என் மாணவி கேட்ட தீர்ப்பு. வைக்கலாம் அம்மா. ஆனால் இந்த நிபந்தனைகளோடு.

ஒன்று, ஆறாம் வகுப்புக்கு வேண்டாம். ஏழு, எட்டுக்குச் சரி. அந்த 10 வயதுப் பையன் 5 முதல் 9 வயது என்று எழுதியது ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள பிள்ளைகளை வைத்து.

இரண்டு, ஆசிரியர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், தமிழில் தாராளமாகச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பீரியடில் தமிழ் பேசினால் குற்றம் என்ற சட்டத்தை இந்த ஒரு பீரியடுக்குத் தள்ளுபடி செய். புத்தகம் முழுக்க நிறுத்தாமல் வாய்விட்டுப் படிக்கவே பத்துப் பதினோரு மணி நேரம் ஆகும். உனக்கு வாரம் 40 நிமிஷம், லீவும் பரீட்சையும் போக வருஷத்தில் 30 வாரம் கிடைத்தால் பெரிது. ஆக மொத்தம் 20 மணி நேரம். விளக்கமும் பேச்சும் சேர்த்தால் அத்தனையும் படிக்க முடியாது. 1, 2, 5, 8, 9, 12, 14, 16, 18, 19 ஆகிய பத்து அத்தியாயத்தை நன்றாகப் படி. மற்றதைக் கதையாகச் சொல். பாட்டுகளைத் தாண்டலாம், டோல்கீன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்று, 40 பிரதி வேண்டாம். 10 போதும், நாலு பேருக்கு ஒன்று. மீதிக் காசுக்கு நல்ல தமிழ்ச் சிறுவர் கதைகள் வாங்கி அதே அலமாரியில் பக்கத்திலேயே வை. வெள்ளைக்காரன் எழுதினால்தான் சாகசம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நன்கொடை தருபவருக்கு எடுத்துச் சொன்னால் புரியும்.

நான்கு, கையால் செய்ய வேலை கொடு. புத்தகத்தின் வரைபடத்தில் பழைய ரூன் எழுத்துகள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குத் தமிழி எழுத்து இருக்கிறது. தங்கள் தெருவுக்கு ஒரு வரைபடம் வரைந்து, அதில் ரகசியச் செய்தியைத் தமிழியில் எழுதட்டும்.

ஐந்து, இதுதான் முக்கியம். இதில் ஒரு கேள்விகூடப் பரீட்சைக்கு வரக் கூடாது. "பில்போவின் குணநலன்களை விவரி" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்த அன்றே அந்தப் புத்தகம் செத்துவிடும். அடுத்த மாதம் அதற்கு நோட்ஸ் வந்துவிடும். பரீட்சை வைத்தே தீருவோம் என்று உன் நிர்வாகம் சொன்னால், என் ஒரே வார்த்தைப் பதில்: வேண்டாம். கிராமர் புத்தகமே வாங்கிக்கொள்.

சரி, உறுத்தல் என்று சொன்னேனே, அதைச் சொல்லி முடிக்கிறேன்.

1986. எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் அறிவியல் புத்தகத்துக்குள் அம்புலிமாமாவை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கினேன். "அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்றேன். அப்போது எனக்கு 32 வயது, கண்டிப்பான டீச்சர் என்று பெயர் எடுக்க ஆசை. அவன் அப்பாவைக் கூட்டிவரவில்லை. கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கே வரவில்லை. சென்னையில் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். கூட்டிவர அவனுக்கு அப்பா இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை நான் முதலிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வகுப்பாசிரியை நான்தான்.

2012இல் ஓய்வு பெற்ற அன்று பீரோவைக் காலி செய்யும்போது அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டையின் உள்பக்கம் பென்சிலால் அவன் பெயர். நடுப்பக்கத்தில் ஓரம் மடித்திருந்தது, அவன் நிறுத்திய இடம். அந்தப் பையனிடம் எந்த வளையல் கதை இருந்ததோ, நான் கேட்கவே இல்லை. சொல்ல அவனிடம் இருந்த ஒரே வழியையும் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

அதனால்தான் என் மாணவி போன் செய்தபோது ஒரு மாதம் முழுக்க இதற்காக உட்கார்ந்தேன்.

அந்த 'ஆ' பிரிவில் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்தால் கீழே பெயரை எழுதாதீர்கள், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு இப்போது 50ஐத் தாண்டியிருக்கும், பில்போ கிளம்பின வயது. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. யாரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம், தனியாகவே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்